சாட்சிச் செவி

மெட்டுப் போடுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்று கைக்கு வந்துவிட்டால், பக்கத்தில் யார் இருந்தாலும் பிடித்து உட்கார வைத்துப் பாடிக் காட்டுவார்கள். தண்ணீர் கேன் போட வந்தவரைக்கூட விடமாட்டார்கள். பாடி முடித்ததும் "நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள் என்று நினைத்தால் தப்பு. நன்றாக இருப்பது அவர்களுக்கே தெரியும். அவர்களுடைய பயம் வேறு.

"எங்கயாவது கேட்ட மாதிரி இருக்கா?"

இதுதான் கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து சுகிர்தா இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறாள். அவள் "இருக்கு" என்றால் இளவழுதி அந்த மெட்டை அங்கேயே கைவிட்டு எழுந்துவிடுவார். "இல்ல" என்றால் தானே போய்க் காப்பி கலந்து கொண்டு வந்து கொடுப்பார். சர்க்கரை கூடத்தான் இருக்கும். அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவாள்.

அன்று சாயங்காலமும் அவர் அதைத்தான் கேட்டார். விருகம்பாக்கத்து வீட்டில் சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் கீபோர்டு, மறுபக்கம் சுகிர்தா ஆய்ந்துகொண்டிருந்த முருங்கைக்கீரை. இயக்குநர் சொன்ன காட்சி இது: பல வருஷம் சிறையில் இருந்துவிட்டு ஒருவன் தன் தெருவுக்குத் திரும்பி வருகிறான், ஒருத்தருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. அதற்கு ஒரு பாட்டு. இளவழுதி அதை ஹிந்தோள ராகத்தில் போட்டிருந்தார். வார்த்தை இன்னும் வராததால் தன்னன நானா என்றே பாடினார். முதல் வரி முடிந்தது. இரண்டாவது வரி பாதியில் சுகிர்தாவின் கை கீரையில் அப்படியே நின்றுவிட்டது.

நன்றாகத் தெரிந்த ஒருவர் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. யார் என்றுதான் பிடிபடவில்லை.

"என்ன சுகி? கேட்ட மாதிரி இருக்கா?" அவர் கண் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

"அத இங்க வெச்சுக் கேக்கக் கூடாதுங்க. வெள்ளிக்கிழம வாரியத்துல கேப்பாங்க, அங்கதான் சொல்லணும்."

"அட, பழக்கதோஷம்" என்று சிரித்தார். ஆனால் கீபோர்டை மூடவில்லை. "சும்மா ஒரு வார்த்தை சொல்லேன்."

"சட்டம்னா சட்டம்தான். கைய எடுங்க, கீரையெல்லாம் கீழ விழுது."

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்று சொல்லிவிட வேண்டும். இயந்திரங்கள் பாட்டுப் போட ஆரம்பித்த புதிதில், மனிதர்கள் போட்டதையெல்லாம் தின்று அரைத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டாகத் துப்பின. எது யாருடையது என்று தெரியாமல் ஊரெல்லாம் வழக்கு. கடைசியில் இசை மூல வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். அங்கே மூலமானி என்று ஒரு கருவி. எந்த மெட்டைக் கொடுத்தாலும் அதன் ஒவ்வொரு துண்டும் எந்தப் பாட்டிலிருந்து வந்தது என்று புட்டுப் புட்டு வைத்துவிடும். ஸ்டுடியோக்காரர்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தார்கள். எதைக் கொண்டுபோய் வைத்தாலும் "இது எங்க வீட்டுது" என்று சொல்கிறதே!

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். திருடன் மாட்டுவான் என்றால் யாருக்குக் கசக்கும்? பிறகுதான் தெரிந்தது, மாமியாருக்குத் திருடனும் ஒன்றுதான், பேரனும் ஒன்றுதான். ஒரு பாட்டைக் கேட்டு வளர்ந்தவன் வாயில் அந்தப் பாட்டின் சாயல் வராமல் எப்படி இருக்கும்? அப்பன் மூக்கு பிள்ளைக்கு வந்தால் அது களவா? கருவிக்கு அதெல்லாம் சொல்லித்தரவில்லை. இளவழுதியே மாட்டினார். அவர் உருகி உருகிப் போட்ட ஒரு சோகப் பாட்டின் சரணம், அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த ஒரு சோப்புத்தூள் விளம்பரத்தில் இருக்கிறது என்றது மாமியார். போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. படம் நின்றுபோயிற்று. இன்னொரு முறை மாட்டினால் ஆயுசுக்கும் மெட்டுப் போட முடியாது என்று எச்சரித்து அனுப்பினார்கள். அதன் பிறகு ஒரு தயாரிப்பாளரும் அவர் வீட்டு வாசல்படியை மிதிக்கவில்லை.

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். அரசாங்கப் பெயர் செவித் தூய்மை. எல்லோரும் சொல்வது காது கழுவல். வாரியத்தின் நாற்காலியில் உட்கார வைத்து, தலையில் வலை மாதிரி ஒன்றை மாட்டி, பதிவில் இருக்கும் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். கேட்கும்போது மூளையில் எது விழித்துக்கொள்கிறதோ அதை அணைத்துவிடுவார்கள். வலிக்காது. வாரக்கணக்கில் நடக்கும். முடிந்து வருகிறவருக்கு ராகம் தெரியும், தாளம் தெரியும், பாட்டு மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. எதையுமே கேட்டிராதவன் எதைத் திருட முடியும்? தயாரிப்பாளர்களும் கழுவினவர்களைத்தான் தேடினார்கள்.

போன வருஷம் இளவழுதி கழுவிக்கொண்டு வந்தார்.

வந்த புதிதில் வேடிக்கையாகத்தான் இருந்தது. சுகிர்தாவின் அண்ணன் பேரனுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டும்போது எல்லோரும் கைதட்டிப் பாட, நரைத்த தலையோடு இவர் ஓரமாக நின்று வெறும் வாயை அசைத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு ஒரு நாள் எதிர்வீட்டு அழைப்புமணியில் அவர் பாட்டே ஒலித்தது. அவரை ஊருக்குக் காட்டிய பாட்டு. "நல்லா இருக்கே, யாரு போட்டது?" என்று கேட்டார். "யாரோ" என்று சொல்லிவிட்டு சுகிர்தா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

இன்னொரு நாள் காலையில் கீபோர்டு முன்னால் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டார்.

"சுகி, கல்யாணின்னா என்ன?"

"என்னங்க இது, கேள்வி? ஏழு சுரம். உங்களுக்குத் தெரியாததா?"

"சுரம் தெரியுது. படி எத்தனைன்னு தெரியுது. ஆனா அதுல யாரும் ஏறி எறங்கி நான் பாத்ததில்லையே. குடிவராத வீட்டுப் படி மாதிரி இருக்கு. கல்யாணின்னு சொன்னதும் உனக்கு உள்ள என்ன வருது?"

"பாட்டுதான் வருது. அம்மா பாடினது, கச்சேரில கேட்டது, சினிமால கேட்டது, நாப்பது அம்பது பாட்டு ஒண்ணா வருது. அதெல்லாம் சேந்ததுதானே கல்யாணி?"

"அப்ப எனக்குக் கல்யாணி இல்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. காப்பித்தூள் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். காபி என்றால் என்ன, ஆபேரி என்றால் என்ன, காம்போதி என்றால் என்ன. தெரிந்த மட்டும் அவள் வாயால் சொல்வாள். பாடிக் காட்ட முடியாது. பாடினால் அவர் காது மறுபடி அழுக்காகிவிடும். கணவன் எதிரே பாடக் கூடாத பாடகியாக ஒரு வருஷம் வாழ்ந்தாள்.

ஏனென்றால் அவள்தான் அவருடைய சாட்சிச் செவி. மாமியாருக்குத் தெரிந்தது பதிவில் இருக்கும் பாட்டு மட்டும். ஜன்னலுக்குக் கீழே காய்காரர் பாடியது அதற்குத் தெரியாது. அதனால், மெட்டுப் போடுகிறவரோடு ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர், காது கழுவாத ஒருவர், வாரியத்தில் வந்து "இதை நான் முன்பு கேட்டதில்லை" என்று வாயால் சொல்ல வேண்டும். பொய் சொன்னது தெரிந்தால் சொன்னவர் காதையும் கழுவிவிடுவார்கள். வீட்டுக்கு ஒரு வேவுக்காரரை வைத்த மாதிரி ஆயிற்று. இன்னொரு இசையமைப்பாளர் ஜோதிலிங்கத்தின் மனைவி உள்ளதை உள்ளபடி சொன்னாள். இப்போது அவர்கள் இருவரும் தனித்தனி வீட்டில் இருக்கிறார்கள்.

அன்று இளவழுதி நடைப்பயிற்சிக்குக் கிளம்பிப் போனதும் சுகிர்தா கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் சுருதியைப் போட்டாள். அவர் பாடிய அதே சுருதி. மெட்டை முனகிப் பார்த்தாள். ஹிந்தோளம்தான், ஏக்கம் சொட்டுகிறது. சந்தேகத்தில் சுருதியை மட்டும் கீழே நகர்த்தி, மெட்டை நகர்த்தாமல் அதே இடத்தில் பாடினாள். ஒரு இடத்தில் சுருதி வந்து நின்றதும் மெட்டு சட்டென்று முக்காட்டை எடுத்துவிட்டது.

சங்கீதக்காரர்கள் இதற்குக் கிரகபேதம் என்பார்கள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே படிக்கட்டு, எந்தப் படியை வாசல் என்று வைத்துக்கொண்டு எண்ணுகிறோமோ அதைப் பொறுத்து வீடு மாறிவிடும். மோகனத்தின் மூன்றாம் படியான காந்தாரத்தில் நின்றுகொண்டு அதுதான் ஸா என்று நினைத்துக்கொண்டால், அதே ஐந்து சுரம் ஹிந்தோளம் ஆகிவிடும். சிரித்துக்கொண்டிருந்த முகம் அழ ஆரம்பித்துவிடும். ஒரு சுரத்தைக்கூடத் தொட வேண்டாம். இவள் ஹிந்தோளத்தைத் திருப்பி மோகனத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிறுத்தியதும் வார்த்தைகள் தானாக வந்து ஒவ்வொன்றும் தன் இடத்தில் உட்கார்ந்தன.

*தோசை ஆறுது தொட்டுக்க வா*
*சட்னி தீர்ந்தது சண்டைக்கு வா*

சுகிர்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வார்த்தைகள் எந்தப் பாட்டிலும் இல்லை. பாட்டெழுத ஆள் வருவதற்கு முன் மெட்டின் அளவு தெரிவதற்காக வாயில் வந்ததைப் போட்டுப் பாடுவது சினிமாவில் வழக்கம். டம்மி என்பார்கள். கால் நூற்றாண்டுக்கு முன்னால் கௌரிநாதன் என்ற இசையமைப்பாளரிடம் இளவழுதி உதவியாளராக இருந்தார். ஒரு நாள் மத்தியானம் அவர் உண்ட மயக்கத்தில் படுத்திருக்க, வாசலில் தோசைப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு இவர் போட்ட மெட்டு அது. அதற்கு ட்ராக் பாட வந்தவள் சுகிர்தா. ட்ராக் பாடுவது என்றால், பெரிய பாடகருக்குப் பாட்டு எப்படிப் போகிறது என்று காட்டுவதற்காக முதலில் ஒருவர் பாடி வைப்பது. பெரியவர் வந்து பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். அவள் சண்டைக்கு வா என்று பாடும்போது சிரிப்பு வந்து பாதியில் நிறுத்திவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரும் சிரித்தார். ஆறு மாதத்தில் கல்யாணம்.

மெட்டு கௌரிநாதன் பெயரில் வெளிவந்து ஊரைக் கலக்கியது. வாரியப் பதிவிலும் அவர் குடும்பத்தின் சொத்தாகத்தான் இருக்கிறது. கழுவலின்போது அந்தப் பாட்டையும் போட்டு இளவழுதியின் தலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தும் அது போகவில்லை! வேறு வாசல் வழியாக அவரிடமே திரும்பி வந்திருக்கிறது, பெற்றவருக்கு அடையாளம் தெரியவில்லை. சுகிர்தாவுக்குச் சந்தோஷமா துக்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

கேட்டிருக்கிறேன் என்று சொன்னால் அவர் தொழில் அதோடு போயிற்று. தன் பிள்ளையைத் தானே திருடியதாக ஊர் சொல்லும். கேட்டதில்லை என்று சொல்லி, அது பொய் என்று என்றைக்காவது தெரிந்தால் அவள் காது போய்விடும். அவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எத்தனையோ பாட்டுக்கு ட்ராக் பாடியவள், எந்தப் பாட்டிலும் அவள் குரல் இல்லை. எல்லாம் அழிந்துவிட்டது. அவள் பாடியதற்கு ஒரே சாட்சி அவள் நினைவுதான். அதையும் கழுவிவிட்டால், அவள் வாழ்நாளில் பாடவே இல்லை என்று ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை வாரியத்தில் அவர்களுக்கு வாய்த்த அதிகாரி நிலோஃபர். சின்ன வயது, சிரித்த முகம். இளவழுதியும் முறைப்படி அதே அறையில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மாமியார் பச்சை காட்டிட்டாங்க" என்றாள். வாரியத்துக்குள்ளும் அந்தப் பெயர்தான். "ஹிந்தோளத்துல எதோடயும் ஒட்டல. சார், ரொம்ப நல்லா இருக்கு. எனக்குக் கேக்கும்போது ஒரு மாதிரி ஆயிடுச்சு."

இளவழுதி தலையை மட்டும் ஆட்டினார்.

"இப்ப இருக்கிற கருவி ராகத்த வெச்சுத்தான் தேடும்" என்று நிலோஃபர் பேச்சுவாக்கில் தொடர்ந்தாள். "மோகனத்துல உள்ள பாட்ட ஸா மாத்தி ஹிந்தோளமா கொண்டாந்தா அதுக்குத் தெரியாது. சில பேர் அப்படிக் கொண்டாராங்களாம், கில்லாடிங்க. பொங்கலுக்கு அப்புறம் புது வெர்ஷன் வருது. அது எந்த வாசல்ல நுழைஞ்சாலும் புடிச்சிரும். பழசெல்லாத்தையும் மறுபடி ஓட்டிப் பாக்கப் போறாங்க."

சொல்ல வேண்டும் என்று சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பொய்ச் சாட்சின்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்லக்கா? ஒரு தரம் கேட்டுக்கணும், அதான் முறை."

"தெரியும்மா."

"இந்த மெட்ட இதுக்கு முன்னாடி எங்கயாவது கேட்டிருக்கீங்களா?"

கொஞ்சம் தயங்கினாலும் சந்தேகம் வந்துவிடும் என்று சுகிர்தா வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"இல்ல. கேட்டதே இல்ல."

நிலோஃபர் புன்னகைத்து எதையோ தட்டினாள். சுகிர்தா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு வருஷமாகக் காத்திருந்த மனுஷர், துள்ளிக் குதிக்க வேண்டாம், ஒரு மூச்சாவது விடலாமே? அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்தும் அப்படியே. காப்பி கலக்கப் போகவில்லை. இயக்குநர் இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

"படம் கெடச்சிருக்கு. மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. கேட்ட மாதிரி இல்லேல்ல? அது போதும்."

"நல்லா இல்லன்னா சொன்னேன்?"

"நல்லா இருக்குன்னு எனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. இது உங்க பாட்டுங்க, நம்ம பாட்டு, எங்கயும் போகல. சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துகொண்டே அந்த மெட்டைத் தன் பெயரில் விட அவர் சம்மதிக்க மாட்டார். அப்படித்தான் அவள் நினைத்தாள். வாயை மூடிக்கொண்டு இரவுக்கு உப்புமா கிளறினாள்.

அடுத்த வாரம் சாலிகிராமத்தில் ஒலிப்பதிவு. பாட வேண்டிய பெரிய பாடகர் துபாயில் இருந்தார். வழக்கம் போல ட்ராக் பாட சுகிர்தா. கழுவினவரின் சொந்த மெட்டை அவர் எதிரே பாடலாம், அதற்குத் தடை இல்லை. வாரிய விதிப்படி ட்ராக்கை அன்றே அழித்துவிட வேண்டும். ஒலிப்பதிவாளர் பெனடிக்ட் எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, "சார், நீங்களே ஒரு டேக் ஓட்டிக்குங்க, நான் கீழ போயி டீ சொல்லிட்டு வந்துடறேன்" என்று இறங்கிப் போனார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சுகிர்தா, அந்தப் பக்கம் இளவழுதி. ஹெட்ஃபோனில் சுருதி ஓடியது. தாளில் தன்னன நானா என்றுதான் எழுதியிருந்தது. பாட வாயெடுத்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. இது எப்படியும் அழியப்போகிறது. வீட்டில் சொல்ல முடியாததை, வாரியத்தில் சொல்ல முடியாததை, அழியப்போகிற இடத்தில் சொன்னால் என்ன? அவருக்கு ஒன்றும் புரியாதுதான். புரியாவிட்டால் போகட்டும். ஒரு தரமாவது அந்த மெட்டு அதற்குப் பிறந்த வார்த்தையோடு அவர் காதில் விழட்டும்.

கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"தோசை ஆறுது தொட்டுக்க வா..."

ஹிந்தோளத்தில் அந்த வார்த்தைகள் வேறு யாரோ போல ஒலித்தன. சிரிப்பே வரவில்லை. இரண்டாவது வரிக்கு மூச்சு எடுத்தாள். குரல் எழும்பவில்லை. இசை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஹெட்ஃபோனில் டிக் என்று ஒரு சத்தம். அந்தப் பக்கத்து மைக்கை யாரோ அழுத்தினால் வரும் சத்தம். அவர் பேசவில்லை. கரகரத்த குரலில், சுருதி கொஞ்சம் விலகி, பாடினார்.

"சட்னி தீர்ந்தது சண்டைக்கு வா."

சுகிர்தா மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றிருந்தார்.

"உங்களுக்கு... உங்களுக்கு எப்படி?"

"அந்தப் பாட்ட அவங்க போட்டப்ப நான் ஸாவை மாத்திக்கிட்டேன் சுகி. வெளிய மோகனம் ஓடுது. நான் உள்ளுக்குள்ள காந்தாரத்தப் புடிச்சுக்கிட்டு, இதான் ஸா, இதான் ஸான்னு உக்காந்துட்டேன். அவங்க அணைச்சது நான் கேட்டுக்கிட்டிருந்த ஹிந்தோளத்த. மோகனம் அடியில அப்படியே கெடந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் அப்படிக் காப்பாத்த முடிஞ்சுது. மத்ததுக்கெல்லாம் தெம்பு இல்ல."

கல்யாணி என்றால் என்ன, காபி என்றால் என்ன என்று ஒரு வருஷமாகக் கேட்ட மனுஷர் மோகனத்தைப் பற்றி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அங்க போயி தெரிஞ்சே பொய் சொல்லணும்."

"தெரிஞ்சேதான் சொன்னேன்!"

"எனக்கு அது எப்படித் தெரியும்? நீ யோசிக்கக்கூட இல்ல. படார்னு கேட்டதே இல்லைன்னுட்ட. எங்கிட்ட மிச்சம் இருந்ததே அந்த ஒரு பாட்டுதான். அதையும் நீ மறந்துட்டேன்னு..." அவர் குரல் உடைந்தது. "படம் போனாப் போகுது, இருக்குன்னு நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

"புத்தி இருக்கா உங்களுக்கு? என்னைச் சோதிச்சுப் பாக்கவா இதப் போட்டீங்க?" கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சோதிக்கல சுகி. என் பாட்ட ஒரு தரம் என் பேர்ல போடணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். போட்டதும் கேட்ட மாதிரி இருக்கான்னு உன்னத்தானே கேக்கணும்? வேற யாரக் கேப்பேன்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, மெதுவாக, அந்தப் பயம் வந்தது.

"பொங்கலுக்கு அப்புறம் புது மாமியார் வருதாமே."

"நானும் அங்கதானே இருந்தேன்."

"என்னைக் கழுவிடுவாங்க."

தான் செய்த காரியம் எங்கே போய் முடியும் என்பது அப்போதுதான் அவர் முகத்தில் தெரிந்தது. கண்ணாடியில் நெற்றி படும் அளவுக்கு வந்து நின்றார்.

"காந்தாரத்துல போய் நின்னுக்க. அவங்க ஆயிரம் தம்புரா போட்டாலும் எறங்காத. கால் நழுவும், இருந்தாலும் விடாத. நான் சொல்லித்தரேன், இன்னும் நாள் இருக்கு."

"எத்தன பாட்ட அப்படிக் காப்பாத்தறது?"

"ஒண்ணு போதும். நான் பாத்துட்டேனே. ஒண்ணு இருந்துச்சுன்னா அதுலேருந்து மெட்டுப் போட்டுக்கலாம்."

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. இளவழுதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பெனடிக்ட் டீயோடு உள்ளே வந்து திரையைப் பார்த்தார்.

"டேக் ஓகேயா சார்?"

"இல்ல பெனடிக்ட். இத அழிச்சிடு, இன்னொண்ணு போலாம்."

"மேடம் முதல் டேக்லயே முடிச்சிருவாங்களே. என்ன ஆச்சு?"

இளவழுதி கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தார்.

"நல்லாத்தான் பாடினா" என்றார். "எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு."